ஓரறிவுயிரின் பசியும் இல்லறத்தார் கடனும்

கொல்லாமை என்னும் பேரறத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது, எதைச் செய்யக் கூடாது என்பதையே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். எதைச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது என்னும் அதன் மறுபக்கம் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. நம் பொறுப்பில் உள்ள ஓர் உயிர் பசியால் வாடுகிறது. நாம் அதனை அடிக்கவில்லை, வெட்டவில்லை. அதனால் மட்டும் நாம் குற்றமற்றவர் ஆகிவிடுவோமா? அவ்வுயிர் வாய் திறந்து கேட்க இயலாத ஒரு செடியாக இருந்தால், அப்போது நம் கடன் யாது? இவ்வினாக்களை எமக்குள் எழுப்பியது எம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு கறிவேப்பிலை மரமே ஆகும்.

கொல்லையில் நிகழ்ந்தது

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பை முன்னிட்டு வந்து, கோவைக்குக் கிழக்கே சூலூர்ப் பகுதியில் குடியேறிய குடும்பம் எம்முடையது. மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கங்களில் கறிவேப்பிலையைத் தோட்டப் பயிராகவே வளர்ப்பதைக் கண்ட யாம், கொல்லையிலும் ஒரு கன்றை நட்டோம். சில ஆண்டுகள் அது செழித்தது. பின்னர் ஒரு பருவத்தில் தளிர்கள் வெளுக்கத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பசுங்கோடுகளாய் நிற்க, இடைப்பட்ட பரப்பு முழுவதும் மஞ்சளாகி, அடுத்து வந்த கொழுந்துகள் வெண்மை படர்ந்து தோன்றின.

யாம் முதலில் சாணக்குப்பையை இட்டோம். பயனில்லை. யூரியாவைக் கரைத்து ஊற்றினோம், இலை பசுமையாகவில்லை. ஓர் உரக்கடையில் நிலைமையைச் சொன்னபோது, நோய்தான் என்று கூறி ஒரு பூச்சிமருந்தைக் கொடுத்தனர். மரம் பூத்திருந்த சமயம் அது. மனம் ஒப்பாவிடினும், மரத்தைக் காக்க வேண்டுமே என்னும் எண்ணத்தால் அதனைத் தெளித்தோம். மறுநாட்காலையில் மரத்தடியில் தேனீக்கள் இறந்து கிடந்தன. கறிவேப்பிலையைத் தின்று வாழும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சுருண்டு தொங்கின. தளிரோ முன்போலவே வெளுத்திருந்தது.

அன்று மாலை, பக்கத்து வீட்டில் வாழும் முதியவர் ஒருவர், வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வேலியருகே வந்து நின்று மரத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க, வெளுத்தது பழைய எலையா, கொழுந்தா? அதெப் பாத்தீங்களா?"

யாம் பார்க்கவில்லை. மஞ்சள் நிறத்தைப் பார்த்தோம்; எந்த இலை மஞ்சள் என்பதைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றைப் பார்க்கத் தவறியதற்காகவே அத்தனை உயிர்கள் மாண்டன.

உணவு மறுத்தலும் ஒரு குற்றமே

செடி கொடிகளுக்கு உயிருண்டு என்பதை நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களோடு தாவரத்தையும் சேர்த்து நிலையுயிர் ஐந்து என்று நம் ஆகமங்கள் வகுத்தன. இந்தக் கொங்கு மண்ணுக்கும் அவ்வறிவோடு நெடிய தொடர்பு உண்டு. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்பது மரபு. அருகிலேயே விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் இன்றும் நிற்கிறது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூற வந்த அம்முனிவர், உரியியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக ஐந்தாகப் பகுத்து, புல்லையும் மரத்தையும் உறுதலால் மட்டும் அறியும் ஓரறிவுயிர் என்று வைத்தார்.

அறிவு ஒன்றே என்பதால் துன்பமும் இல்லை என்று ஆகாது. உயர்ந்த அறிவுடைய உயிர் பசித்தால் கத்தும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், வேறிடத்தில் மேயும். நிலையுயிரோ நட்ட இடத்தை விட்டு அகலாது. அதனை அவ்விடத்தில் நட்டவர் யார்? நாமே. காட்டில் தானாக முளைத்த மரத்துக்கு நாம் பொறுப்பல்லர். ஆயினும் நாம் தேர்ந்த மண்ணில், நாம் தேர்ந்த தொட்டியில் வைத்து, நாள்தோறும் இலை கிள்ளிக் கொள்ளும் செடி நம்மைச் சார்ந்த உயிராகிவிடுகிறது.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மேல் சுமையேற்றுதல் என்பவற்றோடு ஐந்தாவதாக வருவது அன்னபான நிரோதம், அதாவது உணவையும் நீரையும் மறுத்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் உணவு மறுத்தலை இவ்வாறே அதிசாரமாகக் கூறுகிறது. நம்மிடம் உள்ள மாட்டையும் நம்மை அண்டி வாழ்வோரையும் கருதியே இக்குற்றம் பொதுவாக விளக்கப்படுகிறது. நாம் நட்டு வளர்க்கும் பயிரையும் அக்கருத்தின் நிழலில் வைத்து எண்ணிப் பார்ப்பது தகும் என்று கருதுகிறோம். இல்லறத்தார் நிலையுயிர்க்கு ஊறு செய்வதை முற்றும் ஒழிக்க இயலாது. தேவையின்றிச் செய்யாதிருக்க இயலும். தேவைக்காகக் கிள்ளுகிறோம் என்றால், கிள்ளப்படும் உயிரின் தேவையையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

இலை சொல்லும் செய்தி

பயிருக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்பது இன்றைய அறிவியலின் முடிபு. கரி, நீர்வளி, உயிர்வளி ஆகிய மூன்றும் காற்றாலும் நீராலும் கிடைத்துவிடுகின்றன. எஞ்சிய 14-உம் பெரும்பாலும் வேர் வழியே மண்ணிலிருந்து வர வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை மிகுதியாக வேண்டுபவை. இரும்பு, துத்தநாகம், போரான் முதலியவை மிகச் சிறிதளவே வேண்டுபவை. ஆதலின் நுண்ணூட்டங்கள் எனப்படும். ஒரு தனிமம் இன்றேல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க இயலாது, வேறொன்று அதன் இடத்தை நிரப்ப இயலாது, அது செடியின் உடற்செயலில் நேரே பங்கு கொள்ள வேண்டும் என்னும் மூன்று அளவைகளை ஆர்னன், ஸ்டௌட் என்னும் அறிஞர்கள் 1939-இல் வகுத்தனர்.

முதியவர் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயர வல்லவை. இவை குறையும்போது செடி தன் முதிர்ந்த இலைகளில் உள்ளதைக் கரைத்து இளந்தளிருக்கு அனுப்புகிறது. ஆகவே முதலில் வாடுவது கீழிலை. அது முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஓரங்கள் கருகினால் சாம்பல் சத்துக் குறை. நரம்பு பசுமையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியக் குறை. இலை கருஞ்சாயலும் ஊதாவும் கலந்து செடி குறுகி நின்றால் மணிச்சத்துக் குறை என்று ஐயுறலாம். கொங்கு நாட்டுப் பருத்திக் காடுகளில் இலை சிவந்து போவதற்கு மெக்னீசியக் குறையும் ஒரு காரணம்.

இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவையோ ஓரிலையில் அமைந்தபின் எளிதில் பெயர்வதில்லை. இவை குறைந்தால் பழைய இலை பசுமையாகவே இருக்கும், வாடுவது கொழுந்து. நரம்பு பசுமையாய், இடைப்பரப்பு வெளுத்திருந்தால் இரும்பு. நுனிக்குருத்துச் சிதைந்தாலும், தென்னையின் குருத்தோலை விரியாமல் ஒட்டி மடங்கினாலும் போரான். இலை சிறுத்து, கணுவிடை குறுகிக் கொத்தாகத் தோன்றினால் துத்தநாகம்.

நோயையும் பசியையும் பிரித்தறிதலும் வேண்டும். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் வெள்ளை ஈயால் பரவும் நச்சுயிரி நோய். அதில் நரம்புகளே மஞ்சளாகும். இரும்புக் குறையில் நரம்பு பசுமையாக நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை நின்று நோக்கினாலே பெரும்பிழை தவிரும். வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும் என்பதனால், மண்ணைத் தோண்டி ஈரத்தைப் பார்த்தலும் முறை.

இருந்தும் கிடைக்காத உணவு

எம் மரத்துக்குக் குறை இரும்பு என்று முதியவர் கூறினார். எமக்கு வியப்பாக இருந்தது. புவி ஓட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பே ஆயிற்றே. மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் உண்டோ?

பஞ்சமில்லை, ஆனால் கிடைப்பதில்லை. கோவை, பல்லடம், சூலூர் வட்டாரங்களில் நிலத்தைச் சற்று ஆழமாகத் தோண்டினால் வெண்ணிறச் சுக்கான்கல் தட்டுப்படும். அந்த மண்ணில் சில துளி வினிகரை விட்டால் நுரைக்கும். அதுவே சுண்ணாம்பு இருப்பதற்கு அடையாளம். சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஓங்கிய மண்ணில் இரும்பு நீரில் கரையாத வடிவில் உறைந்துவிடுகிறது. உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் நிலைமை மேலும் கடுமையாகும். நிலக்கடலை, கரும்பு, மஞ்சள் ஆகிய பயிர்களிலும் இம்மண்ணில் இதே வெளிறல் தோன்றுவதுண்டு. களஞ்சியம் நிறைந்திருக்க, கதவு பூட்டியிருக்கிறது. வெளியே நிற்பவன் பசித்திருக்கிறான். யாம் சாணத்தையும் யூரியாவையும் கொண்டுபோய்ப் பூட்டிய களஞ்சியத்துக்குள்ளேயே மேலும் மேலும் கொட்டினோம்.

தீர்வு எளியதாக இருந்தது. நம் நாட்டு மருந்துக்கடைகளில் அன்னபேதி என வழங்கும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலைமீது தெளித்தோம். மண்ணின் பூட்டைத் திறக்க முயலாமல் இலையின் வாயிலாகவே ஊட்டினோம். சில நாட்களில், துளி விழுந்த இடங்களிலெல்லாம் பசும்புள்ளிகள் தோன்றின. மேலும் இருமுறை தெளித்தபின் கொழுந்துகள் பசுமையாகவே வந்தன. அதற்கு ஆன செலவு சில ரூபாய்கள். முன்பு மாண்ட தேனீக்களுக்கு எவ்வித ஈடும் இல்லை.

அறியாத இரக்கம்

எம் பிழை எமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். இமயத்தின் அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் துருநிறப் புள்ளிகளோடு குன்றிப்போகும் கேடு ஒன்று உண்டு. 'கைரா' என்று அழைப்பர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் ஒய். எல். நேனே, அது நோய்க்கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறையே என்று 1966-இல் கண்டறிந்தார். துத்தநாக சல்பேட் இட்டதும் பயிர் தேறியது. இன்றும் அது 'கைரா நோய்' என்றே அழைக்கப்படுகிறது. பசிக்கு நோய் என்று பெயரிட்டுவிட்டால், உணவுக்குப் பதில் நஞ்சையே தேடுவோம்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நாம் நாள்தோறும் போற்றுகிறோம். இவற்றுள் ஞானம் நடுவில் நிற்பதன் பொருத்தத்தைக் கொல்லையில் நின்றபோதுதான் யாம் உணர்ந்தோம். மரத்துக்கு உயிருண்டு என்னும் நம்பிக்கை எம்மிடம் இருந்தது. அதனைக் காக்க வேண்டும் என்னும் செயலூக்கமும் இருந்தது. இடையிலுள்ள அறிவு இல்லை. அதனால் இரக்கமே இம்சையாக முடிந்தது. எண்ணம் தூயதாக இருந்ததே என்று அமைதி கொள்ளலாமா? எண்ணம் வினையின் கடுமையைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அறிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அறியாமல் செயலில் இறங்குவது பிரமாதம், அதாவது கவனமின்மை. கவனமின்மையால் உயிர்க்கு ஊறு விளைவதையே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஓரறிவுயிரைக் காக்கப் போய் நான்கறிவுயிராகிய தேனீக்களைக் கொன்றோம் என்னும் கணக்கு எம்மை இன்றும் வருத்துகிறது.

எதைக் கொண்டு ஊட்டுவது?

இனி, மற்றொரு வினா எழுகிறது. பசி உண்மையே, அதனைத் தீர்க்க எதையும் இடலாமா? மணிச்சத்துக்கு எலும்புத்தூள் இடுக என்று பலர் கூறுவர். மாடித்தோட்டக் கடைகளில் அது அழகிய பைகளில் கிடைக்கிறது. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம், முட்டையை ஊறவைத்த முட்டை அமிலம் ஆகியவற்றை இயற்கை வேளாண்மை என்னும் பெயரிலேயே பரிந்துரைக்கின்றனர். இயற்கை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்கள் சிலவும் ஆராயாமல் வாங்கிவிடுகின்றன.

கொலைத்தொழிலின் கழிவுக்கு விலை கொடுப்பது அத்தொழிலுக்கு வலுவூட்டுவதே. இது நம் நெறியில் தெளிவு. "அப்படியானால் நம் விரதத்துக்காகச் செடி பட்டினி கிடக்க வேண்டுமா?" என்று இளைஞர்கள் கேட்பர். கேட்கத் தகுந்த கேள்வியே. விடையையும் மண்ணே தருகிறது. எலும்புத்தூளில் உள்ள மணிச்சத்து அமிலத் தன்மையுள்ள மண்ணில்தான் மெல்லக் கரையும். நம் சுக்கான் மண்ணில் அது கரையாமல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பாறை பாஸ்பேட்டும் இங்கு அவ்வாறே. கொலைக்கு விலை கொடுத்தும் செடியின் பசி தீராது. மாறாக, கனிமப் பாறையிலிருந்து செய்யும் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து ஊறவைத்து ஊட்டமேற்றிய தொழுவுரமாக இடலாம்; கரையாத மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் சேர்க்கலாம். தழைச்சத்துக்கு வேப்பம் புண்ணாக்கும், ஆமணக்குப் புண்ணாக்கும், சணப்பை, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாளும் உள்ளன.

இவற்றிலும் இம்சை முற்றும் இல்லை என்று சொல்ல மாட்டோம். பசுந்தாளை மடக்கி உழும்போது ஓரறிவுயிர் மாள்கிறது. எருக்குழி எண்ணற்ற சிற்றுயிர்களின் உறைவிடம். உழவில் நேரும் இத்தகைய இம்சையை நம் முன்னோர் தொழில்வழி இம்சை என்று வேறுபடுத்தி, வேண்டுமென்றே செய்யும் கொலையோடு சேர்க்காமல் வைத்தனர். ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்றன்றோ? தவிர்க்க இயலாததைக் குறைத்துக்கொள்வதும், தவிர்க்க இயன்றதை அறவே விடுவதும் இல்லறத்தார் நெறி. எது தவிர்க்க இயன்றது என்பதை அறிவே காட்டும். அறிவு வளர வளர, 'வேறு வழியில்லை' என்று நாம் சொல்லும் இடங்கள் சுருங்குகின்றன.

அளவறிந்து ஊட்டுதல்

குறையைக் கண்டு அஞ்சியவர் மிகையில் விழுதல் இயல்பு. மணிச்சத்தை அளவின்றி இட்டால் துத்தநாகம் செடிக்குக் கிடைப்பது குறையும். சாம்பல் சத்து மிகுந்தால் மெக்னீசியம் தடைப்படும். போரான் சிறிது குறைந்தாலும் கேடு, சிறிது மிகுந்தாலும் நஞ்சு. இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவுக்கு மீறிய யூரியா நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரைக் கெடுக்கும். செடியின் பசியைத் தீர்ப்பது வேறு. நம் பேராசையைச் செடியின் மீது ஏற்றுவது வேறு. பின்னது அன்னதானம் அன்று. மிகுசுமை ஏற்றுதல் என்னும் மற்றோர் அதிசாரத்துக்கே அது நெருக்கமானது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பணப்பெட்டிக்கு மட்டுமன்றி உரமூட்டைக்கும் பொருந்தும்.

எடுத்துக்கொண்டே இருந்து திருப்பித் தாராமையும் குற்றமே. கோவை வேளாண் கல்லூரி வளாகத்தில், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், 1909-ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரப் பரிசோதனை ஒன்று உண்டு. எந்த உரமும் இடாத பாத்தியும், தொழுவுரம் மட்டும் இட்ட பாத்தியும், தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்ட பாத்திகளும் அங்கே அருகருகே அமைக்கப்பட்டன. ஒரு மனிதர் வாழ்நாளில் காண இயலாததை, தலைமுறை தலைமுறையாகப் பொறுமையுடன் நோக்கி அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு வாரத்தில் பயன் தெரியவில்லை என்று பூச்சிமருந்தைக் கையில் எடுத்த எமக்கு, அப்பொறுமை ஒரு பாடம்.

நாம் செய்யத் தக்கது

நம் சமுதாயத்தார் பலர் நிலம் உடையவர்கள். நிலத்தை விட்டு நகரங்களில் வாழ்வோர் வீட்டிலும் நான்கு தொட்டிகளேனும் இருக்கின்றன. ஆகவே இவ்வறம் நம் எல்லோருக்கும் உரியது. இலை நிறம் மாறினால் உடனே எதையும் ஊற்றவோ தெளிக்கவோ வேண்டா. முதிர்ந்த இலையா, இளந்தளிரா என்று முதலில் பார்ப்போம். நரம்பைப் பார்ப்போம். ஒரு செடியா, எல்லாச் செடிகளுமா என்று பார்ப்போம். ஈரத்தைப் பார்ப்போம். நிலமுடையோர் மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் குறையை அறியலாம். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நுண்ணூட்டங்களையும் சேர்த்தே கணக்கிட்டுத் தருகிறது. ஐயம் இருப்பின் ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பார்த்துப் பின் தொடரலாம். பூச்சிமருந்து என்னும் எண்ணம் எழும்போது, "இது நோய்தானா, பசியா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். வாங்கும் உரப்பையின் மேலுள்ள எழுத்துகளைப் படிப்போம். இவற்றைக் குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்வோம். ஓரறிவுயிர் என்னும் பாடம் அவர்களுக்கு நூலில் மட்டுமன்றி இலையிலும் விளங்கும்.

எம் கறிவேப்பிலை மரம் இப்போது பசுமையாக நிற்கிறது. பூக்கும் பருவத்தில் தேனீக்களும் வருகின்றன. அவை வரும்போதெல்லாம் எமக்கு மகிழ்ச்சியோடு ஒரு நாணமும் உண்டாகிறது. சமையலுக்கு இலை கிள்ளப் போகும்போது, கிள்ளுமுன் கொழுந்தையும் கீழிலையையும் ஒரு கணம் பார்ப்பது எம் இல்லத்தில் வழக்கமாகிவிட்டது. வாய் திறந்து கேளாத உயிருக்கு அந்த ஒரு கணப் பார்வையேனும் நாம் செலுத்த வேண்டிய கடன்.

அறிந்து இரங்குவோம், அளவறிந்து ஊட்டுவோம். அறம் வளர்க!